கட்-ஆஃபோடு தரவரிசையையும் போடுங்கள்

ஆசிரியருக்கு,

அரசுப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். நீட் முடிவு வந்தால் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "மிஸ், இந்த மார்க்குக்கு சீட் கிடைக்குமா?" போன வருஷ கட்-ஆஃபை வைத்துப் பதில் சொல்லவே கூடாது. 2024-இல் பலர் 720-க்கு 720 எடுத்தார்கள். 2025-இல் வினாத்தாள் கடினம், முதலிடமே 686தான், கட்-ஆஃபும் இறங்கியது. பழைய எண்ணைப் பார்த்துப் பயந்து என் மாணவி ஒருத்தி கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டாள். நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவளுக்குத் தனித் தரவரிசையே உண்டு. அதில் எத்தனையாவது இடம் என்பதுதான் முக்கியம். நாளிதழ்கள் கட்-ஆஃப் போடும்போது, பிரிவுவாரியாகக் கடைசி சீட் எந்தத் தரவரிசைக்குப் போனது என்பதையும் சேர்த்துப் போட வேண்டும்.

உயிரியல் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்