பேப்பருக்குள் செருகி வரும் சிபில் நோட்டீஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக உங்கள் பேப்பரை விரித்தால் உள்ளிருந்து ஒரு மஞ்சள் நோட்டீஸ் விழுகிறது. "சிபில் ஸ்கோர் குறைவா? 15 நாளில் 750க்கு மேல்! செட்டில்மென்ட், ரிட்டன் ஆஃப் எல்லாம் அழித்துத் தரப்படும்" என்று தமிழிலும் இந்தியிலும் அடித்து, கீழே ஒரு செல் நம்பர். முகவரி கிடையாது. சிபில் என்பது நாம் வாங்கிய கடனையும் கட்டிய விதத்தையும் பதிந்து வைத்து, அதற்கு மதிப்பெண் (ஸ்கோர்) போடும் கம்பெனி. 'ரிட்டன் ஆஃப்' என்றால் வராது என்று வங்கி தள்ளி வைத்த கடன். இது நீங்கள் அச்சிட்டது இல்லை, பேப்பர் போடுகிறவர்கள் கையில் ஏதோ கொடுத்துச் செருக வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் தமிழ்ப் பேப்பர் வாங்குகிறவர்கள், பேப்பரில் வந்தது என்றுதான் அதைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், போன மாதம் தன் சிபில் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். லாக்டவுன் சமயத்தில் அவருக்கு கிரெடிட் கார்டில் 64,000 ரூபாய் பாக்கி. "28,000 கட்டுங்க, கணக்கை முடிச்சிடலாம்" என்று வசூல்காரர் சொல்ல, இவரும் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார். முடிந்தது என்றே நினைத்திருக்கிறார். இப்போது புது மெஷின் வாங்க முத்ரா கடன் (சிறு தொழிலுக்கான அரசுத் திட்டக் கடன்) கேட்டபோது வங்கியில் கையை விரித்துவிட்டார்கள். அந்த கார்டுக்கு நேராக 'செட்டில்டு' என்று நிற்கிறது. பாதி கட்டி மீதியை வங்கி தள்ளிக் கொடுத்தால் அப்படித்தான் எழுதுவார்கள். முழுக்கக் கட்டினால்தான் 'குளோஸ்டு'. வசூல்காரர்கள் இந்த வித்தியாசத்தை யாரிடமும் சொல்வதில்லை.

அப்புறம் நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார். 12,000 ரூபாய் கூலி, பாதி முன்பணம். ஆதார், பான் ஜெராக்ஸ், ஒரு செல்ஃபி, வந்த ஓடிபி எல்லாமே கொடுத்தாயிற்று. "சேனாபதி பாபட் மார்க்குல இருக்கிற சிபில் ஆபீஸுக்குள்ளயே அவனுக்கு ஆள் இருக்காம் அக்கா" என்றார். சிபிலின் அலுவலகம் அந்த ரோட்டில் இருப்பது உண்மைதான். உள்ளே ஆள் இருக்கும் கதைதான் வியாபாரம்.

அந்த ஏஜென்ட் செய்தது இவ்வளவே: இவர் பெயரில் சிபில் தளத்தில் நுழைந்து, 'இந்த கார்டு என்னுடையதல்ல' என்று ஒரு புகார் போட்டிருக்கிறான். சிபில் அதை கார்டு கொடுத்த வங்கிக்கு அனுப்பியது, வங்கி 'அவருடையதுதான்' என்று பதில் சொன்னது, ஃபைல் மூடியது. கடன் கொடுத்தவர் சொல்லாமல் சிபில் தானாக ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஏஜென்டாலும் முடியாது. இன்னும் 5,000 கொடுத்தால் 'மேலே' பேசுவதாகச் சொல்லியிருக்கிறான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது ரிப்போர்ட்டின் வேறு இரண்டு இடங்கள். தொடர்பு விவரத்தில் இவருடைய நம்பருக்குக் கீழே முன்பின் தெரியாத ஒரு செல் நம்பரும் ஒரு மெயிலும். கடைசிப் பக்கத்தில், யார் யார் உங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டார்கள் என்று ஒரு பட்டியல் வரும். அதில் இரண்டு கடன் ஆப்கள். இவர் எந்த ஆப்பிலும் கடன் கேட்டவரில்லை. ஆதாரும் பானும் முகமும் ஓடிபியும் ஒரே ஆளிடம் இருந்தால் வேறென்ன நடக்கும்? அன்றே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்து சைபர் புகார் பதிய வைத்தேன். நல்லவேளை, பணம் எதுவும் அவர் பெயரில் இறங்கவில்லை.

காசு கொடுக்காமல் என்ன செய்யலாம் என்பதையும் எழுதிவிடுகிறேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் விவரம் சேர்க்கும் நான்கு கம்பெனிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு, 2017லிருந்து நடப்பில் இருக்கிறது. ஸ்கோர் 300லிருந்து 900 வரை. அந்த எண்ணையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உள்ளே இருக்கும் கணக்குகளைப் பாருங்கள். மாதம் மாதமாகக் கட்டங்கள் இருக்கும். '000' என்றால் தவணை பாக்கியில்லை. '030' என்றால் 30 நாள் தாமதம். மச்சானுக்காக நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் அதில் வந்து உட்கார்ந்திருக்கும், அது பலருக்கும் அதிர்ச்சி. அதே சமயம், சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) வாய்மொழியாகப் பிடிக்கும் சீட்டை எத்தனை ஒழுங்காகக் கட்டினாலும் இந்த ரிப்போர்ட்டுக்குத் தெரியாது.

கட்டி முடித்த கடன் பாக்கி என்று வந்தாலோ, வாங்காத கடன் ஏறியிருந்தாலோ, அந்தக் கம்பெனியின் தளத்திலேயே புகார் போடலாம். பைசா செலவில்லை. வங்கிக்கும் எழுதி, தேதி போட்ட நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. 2024 ஏப்ரல் 26 முதல் இது அமலில் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டுமே, தெரியாது!

உண்மையான தாமதத்தை அழிக்க வழியில்லை. பட்டறைத் தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன். தள்ளிக் கொடுத்த மீதியையும் கட்டிவிடுகிறேன், 'குளோஸ்டு' என்று மாற்றித் தருவீர்களா என்று கார்டு வங்கிக்கு எழுதிக் கேட்டார், ஒப்புக்கொண்டார்கள். கட்டி, பாக்கியில்லை என்று கடிதம் வாங்கிவிட்டார். பழைய தாமதக் கட்டங்கள் அப்படியேதான் நிற்கும், அவற்றின் மேல் நல்ல மாதங்கள் சேர வேண்டும். ஒரு வருஷமாவது பொறுக்கச் சொல்லியிருக்கிறேன், அவருக்கு அதில் சந்தோஷமில்லை. இருக்கிற கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டாமல் முழுசாகக் கட்டுவது, லிமிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழுக்காமல் இருப்பது, ஆத்திரத்தில் நாலு இடத்தில் புதுக் கடனுக்கு மனுப் போடாமல் இருப்பது, இவைதான் மருந்து. 15 நாளில் நடப்பது ஒன்றுமில்லை.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் ஏஜென்டுகளிடம் சொல்லி இந்த நோட்டீஸைச் செருகுவதை நிறுத்துங்கள். இன்னொன்று, வங்கியோ சிபிலோ 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பு அதிகாரியிடம்) இலவசமாக முறையிடலாம், தபாலில் எந்த மொழியிலும் எழுதலாம், தமிழிலும்தான். இந்தியும் மராத்தியும் எழுத வராமல் ஏஜென்டிடம் போகிறவர்களுக்காக இந்த முகவரியைக் கட்டம் கட்டி ஒரு தரம் வெளியிடுங்கள்: இந்திய ரிசர்வ் வங்கி, மத்திய புகார் பெறும் மையம், நான்காவது மாடி, செக்டர் 17, சண்டிகர் 160017. விவரம் கேட்க 14448.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
சயான் கோலிவாடா, மும்பை