சான்றிதழ் கொடுத்தாச்சு, சாயங்காலம் உட்கார்ந்து பேசியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களுக்குத் தொழிற்சாலைப் பயிற்சி, அதற்கு மதிப்பெண், கிரெடிட் என்று அடிக்கடி செய்தி போடுகிறீர்கள். 2022 மார்ச்சில் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. நல்லதுதான், குறை சொல்ல வரவில்லை. திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன், அப்படி அனுப்பப்படும் பிள்ளைகள் கடைசியில் வந்து நிற்பது என் டேபிள் முன்னால்தான் என்பதால் எழுதுகிறேன்.

லீவு விட்டதும் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு நாலைந்து பேராக வருவார்கள். எச்.ஆர். ஆள் ஒருவர் கட்டிங், தையல் நடக்கும் பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொரு இடமாகக் கூட்டிப்போய்க் காட்டுவார், ஷிப்மெண்ட் நெருக்கடி என்றால் அதுவும் கிடையாது. ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து செல்போன் பார்ப்பார்கள். கடைசி நாள் சான்றிதழ். அப்புறம் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட் ஒன்று கையெழுத்துக்கு வரும், முன்பாதி எங்கள் வெப்சைட்டில் இருப்பது, பின்பாதி சீனியர் கொடுத்தது. எங்கள் கம்பெனியில் சாயம் போடும் வேலையே கிடையாது, வெளியே ஜாப் ஒர்க்குக்குத்தான் அனுப்புகிறோம், ஆனால் ஒரு தம்பியின் ரிப்போர்ட்டில் எங்கள் டையிங் பிரிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது, படத்தோடு! கையெழுத்துப் போடவில்லை. வேறு எங்கேயோ வாங்கிக்கொண்டிருப்பான். பணம் கொடுத்தால் ப்ராஜெக்டும் சான்றிதழும் ரெடியாகக் கிடைக்கும் கடைகள் நம் ஊர்ப்பக்கமே இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆளைக் கொண்டுவந்து தொழிற்சாலைக்குள் விட்டுவிட்டால் அனுபவம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று கல்லூரிகளும் நினைக்கின்றன, கம்பெனிகளும் நினைக்கின்றன. ஒட்டாது. அன்றைக்குப் பார்த்ததைப் பற்றி யாராவது ஒருவர் சாயங்காலம் பத்து நிமிஷம் கேள்வி கேட்க வேண்டும், மறுநாள் அந்தப் பிள்ளை அதே இடத்துக்குப் போய் மறுபடி பார்க்க வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான், ஆனால் இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சம்பவத்தைச் சொன்னால்தான் புரியும்.

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண், காஸ்ட்யூம் டிசைன் படிப்பவள், வந்திருந்தாள். முதல் நாள் நோட்டில் 'செக்கிங் பிரிவில் பீஸ்கள் சரிபார்க்கப்படுகின்றன' என்று ஒரே வரி. "சரி அம்மிணி, இன்னைக்கு ரிஜெக்ட் ஆன பீஸெல்லாம் எதனால ஆச்சு?" என்றேன். "ஓட்டைங்க சார்." "எந்த எடத்துல ஓட்டை?" பதில் இல்லை. மறுநாள் செக்கிங் அக்காக்கள் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிய பீஸ்களையெல்லாம் பிரித்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பாதிக்கு மேல் தோள்பட்டைத் தையலை ஒட்டியே ஓட்டை. எந்தக் கட்டு யாரிடம் தைக்கப்பட்டது என்று காட்டும் பண்டில் டிக்கெட்டை வைத்துத் தேடினால் எல்லாம் ஒரே ஓவர்லாக் தையல் மெஷினிலிருந்து வந்தவை. ஊசி முனை போயிருக்கிறது. பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசிதான் போட வேண்டும், அது நூலை ஒதுக்கிவிட்டு இடையில் இறங்கும். முனை தேய்ந்து சிலும்பினால் நூலையே அறுத்துவிடும், அப்போது பொடி ஓட்டையாகத் தெரிவது ஒரு வாஷ் போனதும் பின்னல் பிரிந்து பெரிதாகிவிடும். இதையெல்லாம் அவளே சொன்னாள், புத்தகத்தில் இருக்கிறதாம்.

"அப்ப அந்த அக்கா ஏன் ஊசியை மாத்தல?" என்று கேட்டேன். இது புத்தகத்தில் இல்லை. டீ நேரத்தில் அந்த டெய்லர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். "ஊசி மாத்தோணும்னா பழசைக் கழட்டிக்கிட்டு ஸ்டோர் வரைக்கும் போகோணும் கண்ணு, நோட்டுல எழுதி புதுசு வாங்கிட்டு வர்றதுக்குள்ள என்ற பீசு போயிரும்." வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: ஏற்றுமதித் துணியில், அதுவும் குழந்தைகள் உடுப்பில், ஒரு துண்டு ஊசி போனாலும் ஆபத்து. அதனால் பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதிய ஊசி, உடைந்திருந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். துணி வாங்குகிற பையர் வைத்திருக்கிற நியாயமான விதிதான். ஆனால் பீஸ் கணக்குக்குத் தைக்கிறவருக்கு அந்த நடை நஷ்டம், ஆகவே தேய்ந்த ஊசியிலேயே ஓட்டிவிடுகிறார். பாதுகாப்புக்கு வைத்த விதியே ஓட்டைக்கும் காரணமாக நிற்கிறது. இதை அந்தப் பெண் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தாள், கடைசியில் மதிய மணி அடித்ததும் சூப்பர்வைசரே ஊசி டப்பாவும் ரெஜிஸ்டருமாக லைனில் வந்து மாற்றிக் கொடுத்தால் என்ன என்று ஒரு கேள்வியும் போட்டிருந்தாள். இப்போது எங்களிடம் அப்படித்தான் நடக்கிறது.

எல்லாப் பிள்ளையும் இப்படிக் கிளம்பிவிடும் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு எவ்வளவு கேட்டாலும் "தெரியலீங்க சார்"தான். ஆனால் கேட்காவிட்டால் இவளும் அந்த ஒற்றை வரியோடுதான் தாராபுரம் பஸ் ஏறியிருப்பாள்.

கல்லூரியில் மென்டார் என்று ஒருவர் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது ஒரு மென்டாருக்கு எத்தனை மாணவர் என்று கணக்குக் காட்ட வேண்டும், அதனால் பட்டியலில் பெயர் இருக்கிறது. அவர் போன் செய்வது அட்டெண்டன்ஸ் குறைந்தாலோ ஃபீஸ் பாக்கி என்றாலோதான். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அட்மிஷன் சீசனில் ஊர் ஊராக ஆள் பிடிக்க அனுப்புவது முதல் எல்லா வேலையும் அவர் தலையில்தான். பயிற்சி நடக்கும்போது ஒருமுறை கம்பெனிக்கு வந்து பிள்ளைகளோடு அரைமணி நேரம் உட்காரட்டும், முடிந்து போனபின் வகுப்பில் ஒரு பீரியட் ஒதுக்கி ஒவ்வொருவரையும் பேச விடட்டும். அதையும் அவருடைய வேலை நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை.

நம் பகுதிக்கு இது புதுசும் இல்லை. கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் போட்ட கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். மேடையில் பேசுகிற எல்லோரும் கழற்றியதைத்தான் சொல்கிறார்கள். அவர் திரும்ப மாட்டினார், எது எதற்காக இருக்கிறது என்று யோசிக்காமல் அது நடக்காது, அதைச் சொல்வாரைத்தான் காணோம். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் 1930களிலிருந்தே கைத்தொழிலையும் படிப்பையும் சேர்த்து வைத்திருந்தார்கள். கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் 1926லேயே வந்துவிட்டது, பொறியியல் கல்லூரி அதே வளாகத்தில் 1951ல்தான் வந்தது. பட்டறை முதலில், வகுப்பறை பிறகு.

இன்னொன்று, ரிப்போர்ட்டைத் தமிழில் எழுத விடுங்கள். காப்பி அடிப்பதற்குப் பாதிக் காரணம் சோம்பேறித்தனம் என்றால் மீதிப் பாதி இங்கிலீஷ். வாயால் அவ்வளவு தெளிவாகச் சொன்ன அந்தப் பெண்ணே கல்லூரிக்கான ரிப்போர்ட் என்றதும் 'குவாலிட்டி ஈஸ் வெரி இம்பார்ட்டன்ட்' என்று ஆரம்பித்துவிட்டாள். அந்தத் தமிழ் நோட்டை அவள் கல்லூரியில் யாரும் கேட்கவே இல்லை. முப்பது பக்க பைண்டிங் வேண்டாம், தினம் அரைப்பக்கம், இன்று எது புரியவில்லை, யாரிடம் கேட்டேன் என்று எழுதினால் போதும்.

சாயக்கழிவைச் சுத்திகரிப்பது பற்றிக் கேட்டால் டெக்ஸ்டைல் படிக்கிற பிள்ளைகள் 'ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்', அதாவது கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது, என்று டக்கென்று சொல்வார்கள். நொய்யல் ஆற்றில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்தவர்கள் யார் என்றால் கை தூக்க ஆள் இருக்காது. பாசனத்துக்காகக் கட்டிய அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே நொய்யல் பாசன நிலம் கெட்டு, விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இங்கிருந்து ஒரு பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அங்கே நிலம் வைத்திருப்பவர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்து அந்த மூன்று வார்த்தையை விளக்கச் சொன்னால் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்க எனக்கு ஆசை.

கடைசியாக உங்களுக்கும் ஒரு கோரிக்கை. வேளாண் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகள் கிராமத்தில் தங்கிப் பயிற்சி எடுக்கும் காலத்தில் உங்கள் மாவட்டப் பக்கத்தில் படம் வருகிறது, 'விவசாயிகளுக்கு மாணவிகள் செயல்விளக்கம்' என்று எப்போதும் ஒரே தலைப்பு. கோபியில் என் மாமா தோட்டத்துக்கும் அப்படி வந்தார்கள், விதைநேர்த்தி செய்து காட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மஞ்சளுக்கு நடுவில் ஏன் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறார், மஞ்சள் தோண்ட ஒன்பது மாசம் ஆகுமே அதுவரை கைச்செலவுக்கு என்ன செய்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை என்று மாமாவுக்கு வருத்தம். "கேட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பனே" என்றார். அடுத்த முறை செய்தி போடும்போது, அந்த விவசாயியிடம் நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று உங்கள் நிருபர் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலையும் சேர்த்துப் போடுங்கள். செய்தியில் வரும் என்று தெரிந்தால் கல்லூரிக்காரர்களே முன்கூட்டிச் சொல்லி அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
தரக் கட்டுப்பாட்டு மேலாளர் ஒருவர்,
திருப்பூர்.