ஜெயித்தால் கார், தோற்றால் நம்ம பையன்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் ஃபார்முலா ஒன்னுக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். கிரிக்கெட்டில் யாருக்கும் சுளுக்குகூடப் பிடிக்காத வாரம் போலிருக்கிறது. சரி, சந்தோஷம். ஆனால் அதில் ஒரு வரி: ‘நல்ல கார் கிடைத்தால் யார் உட்கார்ந்தாலும் சாம்பியன்தான்.’ காலையில் காபியோடு படித்தது, ராத்திரி வரை தொண்டையிலேயே நின்றது.

உங்களுக்குத் தெரியாததில்லை. 2024இல் வெர்ஸ்டாப்பனும் பெரஸும் ஒரே ரெட் புல் அணி, ஒரே பட்டறையில் செய்த கார். வெர்ஸ்டாப்பன் 437 புள்ளியோடு சாம்பியன். பெரஸ் 152 புள்ளியோடு எட்டாவது. அணிக்கான பட்டம் மெக்லாரனுக்குப் போய்விட்டது. 2025இல் பெரஸ் இடத்துக்கு வந்த லாசனை இரண்டே பந்தயத்தில் மாற்றினார்கள். அதே அணியில், ஆகஸ்ட் கடைசியில் முதலிடத்துக்கு 104 புள்ளி பின்னால் கிடந்த வெர்ஸ்டாப்பன், கடைசிப் பந்தயம் முடிந்தபோது மெக்லாரனின் நோரிஸிடம் பட்டத்தை விட்டது வெறும் 2 புள்ளியில். யாரோ உட்கார்ந்து ஓட்டியதா அது?

கார் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2008 முழுக்க 3 புள்ளி எடுத்த பட்டன், 2009இல் பிரான் அணியின் காரில் ஏறியதும் முதல் 7 பந்தயத்தில் 6ஐ ஜெயித்தார். காரின் பின்பக்க அடியில் காற்றை இழுத்து வண்டியைத் தரையோடு அழுத்தும் டிஃப்யூசர் செய்த மாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏழில் அதே அணியின் இன்னொரு காரில் இருந்த பாரிக்கெல்லோ ஒன்றுகூட ஜெயிக்கவில்லையே?

நான் முப்பத்தோரு வருடம் பஸ் டெப்போ பணிமனையில் இருந்தவன். ஊட்டி லைனில் ஒரே வண்டியை இரண்டு டிரைவர்கள் மாற்றி மாற்றி எடுப்பார்கள். ஒருவர் கீழே இறக்கிக்கொண்டு வந்தால் பிரேக் டிரம் புகையும், லைனிங் கருகிய வாடை கேட் வரை அடிக்கும். இன்னொருவர் கொண்டைஊசி வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு வந்து, எஞ்சினிலேயே வண்டியைப் பிடித்து இறக்குவார். அவர் வந்து நிறுத்தினால் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதும் கேஎம்பிஎல் நோட்டைத் திறந்தாலே அன்று யார் ஓட்டினார்கள் என்று சொல்லிவிடுவேன். வண்டி அதேதான், சார்.

இப்போது நிஜமாகவே வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். 2012 மெல்போர்னில் எங்கள் கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் தகுதிச்சுற்றில் அதிவேக நேரத்தின் 107 சதவீதத்துக்குள் வர முடியாமல் வெளியேறினார். ‘நரேன் மீண்டும் ஏமாற்றினார்’ என்று தலைப்புப் போட்டீர்கள். அவருடைய ஹெச்ஆர்டி அணியின் இன்னொரு காரில் இருந்தவர் பெட்ரோ டி லா ரோசா, பழம் தின்று கொட்டை போட்டவர். அவரும்தான் வெளியேறினார். சோதனை ஓட்டம்கூட ஒழுங்காக ஓடாத கார் அது. உங்கள் செய்தியில் காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வாரம் மலேசியாவில் நரேனோடு மோதிய அப்போதைய சாம்பியன் வெட்டல், அவரை வெள்ளரிக்காய் என்று திட்டியதை மட்டும் கட்டம் கட்டிப் போட்டீர்கள். ஜெயித்தவனுக்குக் கார் காரணம், தோற்றால் நம்ம பையன் காரணம். இது என்ன கணக்கு?

அப்போதே எழுதினேன், வரவில்லை. 2024இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஓடிய ஃபார்முலா ஃபோர் காரின் படத்துக்குக் கீழே ‘ஃபார்முலா ஒன்’ என்று போட்டபோதும் எழுதினேன். அதுவும் வரவில்லை. குப்பைத்தொட்டிக்கும் பசிக்கும், இருக்கட்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பந்தய வாரங்களில் ஒவ்வொரு அணியின் இரண்டு ஓட்டுநர்களின் தகுதிச்சுற்று நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஒரே காரில் யார் எப்படி என்று வாசகனே பார்த்துக்கொள்வான். இடம் இல்லையென்றால் ராசிபலனில் மீனத்துக்கு நாலு வரி குறைத்துக்கொள்ளலாம். நான் மீன ராசிதான், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனை ஃபோர்மேன்,
சிங்காநல்லூர், கோவை