எட்டாவது வாட்ச் வாங்குமுன்

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பட்டியலும் படங்களும் கிடைத்தன. விலைகளை மட்டும் அம்மா கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன். கையில் ஏழு வாட்ச் இருக்கிறது, எட்டாவதாக ரோலெக்ஸ் சப்மரீனர் வாங்கவா, அந்தப் பழைய ஒமேகா கான்ஸ்டலேஷன் வாங்கவா என்று கேட்டிருக்கிறாய். முதலில் இரண்டை விற்றுவிடு. அதற்குப் பிறகு கான்ஸ்டலேஷனைப் பார்க்கலாம். சப்மரீனர் வேண்டாம்.

விற்கச் சொல்வதற்கு முதல் காரணம் சர்வீஸ் கணக்கு. உன் ஏழில் கார்டியே டேங்க்கும் கிராண்ட் சீகோவும் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். மற்ற ஐந்தும் எண்ணெய் போட்டு ஓடுகிற இயந்திரங்கள். ஒமேகா 5 முதல் 8 ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறது. ரோலெக்ஸ் சுமார் 10 என்கிறது. சராசரி 7 என்று வைத்தால்கூட, ஐந்து வாட்சுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு ஒரு சர்வீஸ் பில். இன்னும் இரண்டு சேர்ந்தால் ஆண்டுக்கு ஒன்று. உன் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் போன்ற, ஸ்டாப்வாட்ச் உள்ள குரோனோகிராஃப் என்றால் கட்டணம் கணிசமாகக் கூடும். கட்டாமல் போட்டுவைத்தால் எண்ணெய் வற்றி, சக்கர அச்சின் இரும்பு முனை அதைத் தாங்கும் மாணிக்கக் கல்லில் உராய்ந்து, தேய்ந்த தூள் கருப்பாகக் கல்லைச் சுற்றிப் படியும். சுத்தம் செய்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை, பாகம் மாற்றுகிற வேலையாகிவிடும். ஓட்டாத வாட்சுக்கும் வயதாகும்.

எதை விற்பது என்பதை டயலைப் பார்த்து முடிவு செய்யாதே. உன் மணிக்கட்டின் மேற்புறத் தட்டை அகலம் 48 மி.மீ. என்று எழுதியிருக்கிறாய். எல்லாவற்றையும் அதோடு ஒப்பிடு. விளம்பரத்தில் போடுவது கேஸின், அதாவது வாட்சின் உலோகக் கூட்டின், விட்டம். கையில் உட்காருவதைத் தீர்மானிப்பது லக் முதல் லக் வரை, அதாவது பட்டை மாட்டுகிற கொம்புகளின் மேல்நுனியிலிருந்து கீழ்நுனி வரை உள்ள நீளம். ஸ்பீட்மாஸ்டர் 42 மி.மீ. என்றாலும் கொம்புகள் கீழே வளைந்து இறங்குவதால் 48-க்குள் அடங்கிவிடுகிறது. டியூடர் பிளாக் பே 58-உம் அப்படியே. 44 மி.மீ. பனேராய் 50-ஐத் தாண்டும். நீ அனுப்பிய படத்திலேயே கொம்பு மணிக்கட்டுக்கு வெளியே நிற்கிறது, பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது. அது நல்ல வாட்ச்தான், உன் கைக்கானது அல்ல. நோமோஸ் டாங்கென்டே 38-இல் சிக்கல் வேறு. மெல்லிசான வாட்ச், ஆனால் கொம்புகள் நீளமாக, வளையாமல் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மாடலில் 33, 35 மி.மீ. அளவுகள் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. புடவைக்கும் விழாவுக்கும் நீ கட்டுவது டேங்க். அப்படியிருக்க நோமோஸ் எந்த நாளுக்கு? பனேராயும் நோமோஸும் போகட்டும்.

அந்த சீகோ எஸ்கேஎக்ஸ்007 இருக்கட்டும். விற்றாலும் பெரிதாக வராது, நீச்சலுக்கு அதுபோல வராது. 7எஸ்26 இயந்திரம் களைத்துப்போனால் சர்வீஸ் செய்வதைவிட என்எச்36 இயந்திரம் வாங்கி முழுதாக மாற்றுவது மலிவு. கையால் சாவி கொடுக்கிற வசதியும், நேரம் வைக்கும்போது விநாடி முள் நிற்கிற வசதியும் கூடவே கிடைக்கும். அந்த கேஸில் கிரௌன் (சாவி கொடுக்கிற திருகு) 4 மணிப் பக்கம் இருப்பதால், அதற்கேற்ற தேதித் தட்டுள்ளதாகக் கேட்டு வாங்கு. இல்லாவிட்டால் தேதி எழுத்து ஜன்னலுக்குள் சாய்ந்து நிற்கும்.

சப்மரீனர் ஏன் வேண்டாம்? அதன் 124060 மாடலையும் உன் டியூடரையும் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டும் கருப்பு டயல், இரண்டிலும் டயலைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் சுழலும் வளையம், அதாவது பெசல், இரண்டும் முழுச் சாவிக்கு 70 மணி நேரம் ஓடும். தண்ணீரில் ரோலெக்ஸ் 300 மீட்டர் தாங்கும், டியூடர் 200. ரோலெக்ஸின் பெசல் செராமிக், கீறாது. டியூடருடையது அலுமினியம், வருடங்கள் போனால் வெளிறும் (எனக்கு அந்த வெளிறல்தான் பிடிக்கும்). பூட்டும் கொக்கி ரோலெக்ஸில் தெளிவாக மேல். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அது செய்கிற வேலையை உன்னிடம் இருப்பது ஏற்கெனவே செய்கிறது. போதாததற்கு, கடைக்காரர் கேட்பது கம்பெனியின் பட்டியல் விலைக்கு மேல். அந்தக் கூடுதல் தொகை வாட்சுக்குள் எங்கும் இல்லை. 2022 தொடக்கத்தில் உச்சத்துக்குப் போன மறுவிற்பனை விலைகள் அதே ஆண்டிலேயே இறங்கத் தொடங்கின. உச்சத்தில் வாங்கியவர்களுக்கு அந்தக் கூடுதல்தான் முதலில் கரைந்தது. ஆசை தீரவில்லை என்றால் அதிகாரபூர்வக் கடையில் பெயர் கொடுத்துக் காத்திரு. முறை வருகிற அன்று டியூடரை விற்றுவிட்டு வாங்கு. இரண்டையும் வைத்துக்கொள்ளாதே.

இனி கான்ஸ்டலேஷன். 168.005 எண் கேஸ், 561 இயந்திரம், பன்னிரண்டு பட்டை (விளிம்பை நோக்கிச் சரியும் முகங்கள்) வைத்த டயல், 1960-கள். 35 மி.மீ. அளவு உன் கைக்குக் கச்சிதம். அவசரப்படாமல் இரண்டு முறை போய்ப் பார். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் ஒன்றை எடுத்துப் போ.

முதலில் டயல். விலையில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. பட்டைகள் சேரும் கோடுகள் கூர்மையாக இருக்க வேண்டும். மறுபடி பெயிண்ட் அடித்த டயலில் அந்த மடிப்புகள் மழுங்கித் தெரியும், பெயிண்ட் பள்ளத்தில் தேங்கியிருக்கும். எழுத்துகளைப் படி: ஓரம் சிதறக் கூடாது, வரிகளுக்கிடையே இடைவெளி சீராக இருக்க வேண்டும், அடியில் உள்ள ‘ஸ்விஸ் மேட்’ விளிம்புக்குக் கீழே ஒளியாமல், மணிக் குறிகளோடு சரியாக அமைந்திருக்க வேண்டும். அந்த வரியின் இருபுறமும் ‘டி’ இருந்தால், இருட்டில் ஒளிர்வதற்காக டிரிட்டியம் பூசிய டயல். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, அறுபது ஆண்டுக்குப் பிறகு இருட்டில் அது பளிச்சென்று எரிந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். முள்ளில் உள்ள பூச்சும் டயலில் உள்ள பூச்சும் ஒரே பழுப்பில் இருக்க வேண்டும். லேசான புள்ளிகளும் மங்கலும் குறையே அல்ல. இங்கே நீலம், பச்சை, ஆரஞ்சு டயலோடு ‘புத்தம்புது’ எச்எம்டி ஜனதா என்று விற்பதைப் பார்த்திருப்பாய். அவற்றில் பல மறுபூச்சுதான். வயதுக்குப் பொருந்தாத பளபளப்பு எந்தக் கம்பெனி வாட்சிலும் சந்தேகத்துக்குரியது.

அடுத்து கேஸ். கொம்புகளின் மடிப்பு ஓரங்களை விரல்நுனியால் தடவு. கூர்மை போய் வழவழப்பாக இருந்தால் பல முறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். பின்மூடியில் வான் ஆய்வகக் கோபுரமும் எட்டு நட்சத்திரமும் கொண்ட பதக்கம் இருக்கும். கோபுரத்தின் கோடுகள் தேய்ந்து வழுக்கையாகியிருந்தால் அதே கதை. கிரௌன் பத்துப் பட்டையாக இருப்பது அந்தக் காலத்து அமைப்பு. வட்டக் கிரௌன் என்றால் பிற்பாடு மாற்றியது. அதற்காக வாங்காமல் விட வேண்டாம், விலையைக் குறைக்கக் கேள்.

பிறகு பின்மூடியைத் திறந்து காட்டச் சொல். மறுக்கிற கடையில் வாங்காதே. உள்ளே செம்பு நிற இயந்திரம், 561 என்ற எண், 24 கல், மூடியின் உட்புறத்தில் கேஸ் எண். இயந்திரத்தின் வரிசை எண் 2 கோடியே 20 லட்சத்தை ஒட்டியிருந்தால் சுமார் 1965. இந்த வரிசை இயந்திரங்களின் பலவீனம் ரோட்டர் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) அச்சு: தேய்ந்ததும் ரோட்டர் தொங்கி மூடியை உரசும். மூடியின் உட்புறத்தில் வில் போல வளைந்த கீறல்களைத் தேடு. வாட்சை மெல்ல ஆட்டும்போது உலோகம் உரசும் சத்தம் வந்தாலும் அதுதான். சரிசெய்யலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள். 561-இல் தேதியைத் தனியாக வேகமாக மாற்ற முடியாது, 564-இல் முடியும். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

கடைசியாக டைம்கிராஃபர், அதாவது வாட்சின் துடிப்பைக் கேட்டு அளக்கும் கருவி. முழுச் சாவி கொடுத்த பிறகு, அந்த இயந்திரத்துக்கு லிஃப்ட் ஆங்கிள் 49 டிகிரி, வேகம் மணிக்கு 19,800 துடிப்பு என்று அமைத்துவிட்டு வைக்கச் சொல். இவற்றைத் தப்பாகக் கொடுத்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தம் இல்லை. டயல் மேலே பார்க்கப் படுத்த நிலையில் ஆம்ப்ளிட்யூட் (ஊசலாடும் சக்கரம் சுழலும் கோணம்) 260 டிகிரிக்கு மேல் இருந்தால் அந்த வயதுக்கு நல்ல உடல்நிலை. செங்குத்தாக நிறுத்தி வைத்தால் 30, 40 குறைவது இயல்பு. 200-க்குக் கீழே போனால் எண்ணெய் வற்றிவிட்டது. நாளைக்கு இத்தனை விநாடி என்ற எண்ணைக் காட்டி மயக்குவார்கள். விநாடிக் கணக்கைத் திருத்துவது எளிது. ஆம்ப்ளிட்யூட் சர்வீஸ் செய்யாமல் ஏறாது. ஸ்விஸ் துல்லியச் சோதனை அமைப்பான சி.ஓ.எஸ்.சி.யின் சான்றிதழுக்கான சராசரி வரம்பு நாளுக்கு –4 முதல் +6 விநாடி. அறுபது வயது வாட்ச் 15 விநாடி தள்ளி ஓடினாலும் நான் கவலைப்பட மாட்டேன்.

வாங்கியதும் சர்வீஸுக்குக் கொடுப்பாய். வேலைச் சீட்டில் உன் கையால் எழுது: டயல், முள் தொடக் கூடாது, கேஸ் பாலிஷ் கூடாது, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். வாயால் சொன்னால் பட்டறைக்குள் போகாது. அதற்குப் பிறகும் தண்ணீர் காட்டாதே. புது ரப்பர் வளையம் போட்டாலும் கை கழுவும்போது கழற்றி வை.

பாலிஷ் வேண்டாம் என்பது உன் புது வாட்சுகளுக்கும் பொருந்தும். ஒவ்வொரு பாலிஷும் உலோகத்தைச் சீவுகிறது. டியூடரின் கொம்பு ஓரத்தில் இருக்கும் சரிவுப் பட்டை இரண்டு முறை போட்டாலே மெலிந்து கோணலாகிவிடும். பனேராயை விற்கும் முன் கீறல் போகட்டும் என்று கொடுத்துவிடாதே. விவரம் தெரிந்தவர் கீறலோடுதான் அதிகம் தருவார். பெட்டி, அட்டை, ரசீது, மிச்சமுள்ள பட்டைகள், சர்வீஸ் பில் எல்லாவற்றையும் சேர்த்துப் படம் எடுத்துப் போடு. பணம் கணக்கில் ஏறிய பிறகே வாட்ச் கைமாற வேண்டும்.

சிங்கப்பூர் ஈரத்துக்கு, கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர் பெட்டி ஒன்று வாங்கு. ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் போதும். இன்னும் கீழே இறக்கினால் தோல் பட்டை வெடிக்கும். தானாகச் சுழற்றும் பெட்டி உனக்குத் தேவையில்லை. நிரந்தர நாட்காட்டி வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு அது உதவும். மற்றவர்களுக்குச் சும்மா தேய்மானம்.

சீகோ திடீரென்று நாளுக்கு ஒரு நிமிடம் வேகமாக ஓடுகிறது என்று எழுதியிருந்தாயே, அது காந்தம். ஐபேட் மூடி, கைப்பை கொக்கி இரண்டிலும் இருக்கிறது. திசைகாட்டியை அருகில் கொண்டுபோ. முள் ஆடினால் உறுதி. காந்தம் நீக்கும் கருவி மலிவுதான். பொத்தானை அழுத்தியபடியே வாட்சை மெதுவாக ஒரு முழத் தூரம் விலக்கு, பிறகுதான் பொத்தானை விடு. அருகில் வைத்தபடி விட்டால் திரும்பவும் காந்தமேறும். ஸ்பீட்மாஸ்டரின் 3861 இயந்திரம் 15,000 காஸ் காந்தப்புலம் வரை தாங்கும், அதற்கு இந்தக் கவலை இல்லை. அதன் ஹெசலைட் (பிளாஸ்டிக்) கண்ணாடியில் விழுந்த கீறலுக்குப் பாலிவாட்ச் பசை ஒரு துளி, பஞ்சுத் துணியால் மூன்று நிமிடம்.

டியூடரின் கிரௌனை மூடும்போது முதலில் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பு; மரை சேருமிடத்தில் லேசாக இறங்குவது விரலில் தெரியும், அங்கிருந்து முறுக்கு. நேராக அழுத்தி முறுக்கினால் மரை குறுக்கே ஏறி, குழாயையே மாற்ற வேண்டி வரும். கிராண்ட் சீகோவின் 9எஃப் இயந்திரம் ஆண்டுக்கு 10 விநாடிக்கு மேல் பிசகாது. அதை வீட்டுக் கடிகாரமாக வைத்து மற்றவற்றை வாரம் ஒருமுறை ஒப்பிட்டு நோட்டில் குறி. மூன்று ஆண்டில் அதன் பேட்டரி தீரும். தீர்ந்ததை உள்ளேயே விட்டால் கசிந்து சுற்றைத் தின்றுவிடும்.

கான்ஸ்டலேஷனின் டயல், பின்மூடி, இயந்திரம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்து அனுப்பு. டைம்கிராஃபர் திரையையும் சேர்த்து.

அன்புடன்,
அப்பா

பி.கு.: தம்பி கல்யாணத்துக்கு வாட்ச் வாங்கி வருவதாக இருந்தால் ரசீதோடு கொண்டு வந்து, விமான நிலையத்தில் சிவப்பு வழியில் போய் அறிவித்து வரியைக் கட்டிவிடு. கையில் கட்டிக்கொண்டு வந்தால் கேட்க மாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதே.