என்னோட வள்ளிக்கு கூட நின்ன எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இருபத்திரெண்டு வருஷமா வள்ளி திருமணம் நாடகத்துல ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வள்ளி வேஷம், போட்டுட்டு இருந்தேன், இந்த தை மாசத்தோட வள்ளி வேஷத்த நிறுத்திட்டேன். நன்றி சொல்லாம விட்டா மனசு ஆறாது, அதான் எழுதறேன்.

இந்த மாதிரி ஸ்பெஷல் நாடகம் பாக்காத தம்பி தங்கச்சிங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், இதுல ஒத்திகையே கெடையாது. முருகன் ஒரு ஊருல இருந்து பஸ் ஏறி வருவாரு, நாரதர் வேற ஊரு, நான் சேலம். அரிதாரம் பூசும்போதுதான் இன்னிக்கு முருகன் யாருன்னே தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வெச்ச பாட்டும் தர்க்கமும் எல்லாருக்கும் மனப்பாடம், அத நம்பித்தான் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடிய விடிய ஆடறோம்.

கடைசி நாடகம் ஏற்காட்டுக்கு மேல ஒரு மலை ஊருல, மாரியம்மன் பண்டிகைக்கு. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிச்சப்பவே பனி தொண்டைல எறங்கிடுச்சு. வள்ளி கிளி ஓட்டற ஆலோலம் பாட்டு பாட தினைப்புனத்துல ஏறி நிக்கறேன், ரெண்டாவது அடில மேல போக மாட்டேங்குது. எனக்கு சுருதி அஞ்சு கட்டைதான் எப்பவும். கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் அம்மா பாடுன பார்ட்டு இது, எறக்கிப் பாடுனா அவங்களுக்கே குறைன்னு ஒரு எண்ணம் எனக்கு. ஆர்மோனியம் மாஸ்டர் என் மூஞ்சிய பாத்தாரு, ஒரு வார்த்த பேசல, பபூன் அண்ணனுக்கு கண்ணக் காட்டுனாரு. அண்ணன் உள்ள வந்து கால் மணி நேரம் ஜனங்கள சிரிக்க வெச்சாரு பாருங்க, அதுக்குள்ள மிருதங்கக்காரர் கல்ல எடுத்து தட்டித் தட்டி சுருதிய நாலு கட்டைக்கு எறக்கிட்டாரு, முருகன் வேஷம் போட்ட ராஜபார்ட் அண்ணனும் மூஞ்சி சுளிக்காம எனக்காக விடியற வரைக்கும் நாலுலயே பாடுனாரு. மாஸ்டர், அண்ணன்களா, உங்க கால்ல விழுந்து கும்பிடறேன்.

அந்த கால் மணி நேரத்துலதான் அந்த ஊரு அக்கா ஒருத்தங்க சீன் படுதாவுக்குப் பின்னாடி வந்தாங்க. ஒரு கைல சுக்குத்தண்ணி, ஒரு கைல வெதைக்கு கட்டி வெச்ச தினைக்கதிர். இத்தன வருஷமா நான் காவல் காத்தது அட்டைல வெட்டுன கதிருங்க. "கிளி ஓட்டறப்ப கத்தக்கூடாது கண்ணு, சத்தத்த நீட்டி விட்டுட்டு காது குடுக்கணும், அந்தப் பக்கத்து மலை திருப்பிச் சொல்லும்"னு சொல்லி மெதுவா விட்டுக் காட்டுனாங்க. அப்படியே பாடுனேன். கூட்டம் அப்படி கம்முனு உக்காந்து நான் பாத்ததே இல்ல.

செவ்வாப்பேட்டைல நகை செட்டு வாடகைக்கு குடுத்துட்டு பாதி நாள் காசே கேக்காத அண்ணன், விடிகாலைல பஸ் ஸ்டாண்டுல வந்து நின்ன என் வீட்டுக்காரர், என் புள்ளைங்கள தன் புள்ளையாட்டம் தூங்க வெச்ச சேலம் குகை ஏரியா அத்தை, எல்லாருக்கும் நன்றி.

அந்த அக்கா பேரக் கேக்காமயே கீழ எறங்கிட்டேன். மேல இருக்கறவங்க யாராவது இதப் படிச்சா அவங்ககிட்ட சொல்லுங்க, அவங்க கொண்டு வந்த கதிரு என் மேக்கப் பொட்டிலதான் இருக்கு, வர்ற ஆடிக்குள்ள நேர்ல வர்றேன்.