எலுமிச்சை பிழிந்தால் மீன் வேகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஜப்பானியப் பச்சை மீன் சிற்றுண்டிக் குறிப்பைப் படித்தேன். மேலே தூவும் எள்ளுக்கும் இலைக்கும் அரைப் பக்கம் ஒதுக்கியவர், மீனுக்கு மட்டும் 'சந்தையில் புதிதாகப் பார்த்து வாங்கி எலுமிச்சை பிழியுங்கள், வெந்துவிடும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தூத்துக்குடியில் பிறந்து தோக்கியோவில் குடித்தனம் நடத்துகிறவள் நான். சும்மா இருக்க முடியவில்லை.

இங்கே சூப்பர் மார்க்கெட்டில் ஒரே வகை மீன் இரண்டு விதமாக விற்கும். ஒன்றில் 'சஷிமிக்கு' (அதாவது பச்சையாக நறுக்கித் தின்ன), இன்னொன்றில் 'சமைப்பதற்கு' என்று சீட்டு ஒட்டியிருக்கும். இரண்டாவது கெட்டுப்போன மீன் என்று அர்த்தமில்லை. பச்சையாகத் தின்ன உகந்ததில்லை, அவ்வளவுதான். கடல் மீனில் அனிசாகிஸ் என்ற நூல் போன்ற புழு இருக்கலாம். வினிகர், உப்பு, வசாபி என்ற காரமான பச்சை விழுது, எதற்கும் அது சாகாது. எலுமிச்சைச் சாறு பட்டுச் சதை வெளுப்பதைப் பார்த்துத்தான் வெந்துவிட்டது என்று நினைக்கிறோம். மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரமாவது உறைந்திருக்க வேண்டும் என்கிறது ஜப்பான் சுகாதார அமைச்சகம். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18ஐத் தாண்டாது. ஆற்று மீன், குளத்து மீன் பக்கமே போக வேண்டாம். அவற்றின் ஒட்டுண்ணிகள் வேறு ரகம்.

நான் வாங்குவது மகுரோ, நம் சூரையின் பெரிய உறவு. தூரக் கடலில் பிடித்ததைக் கப்பலிலேயே மைனஸ் 60 டிகிரி வாக்கில் உறைய வைத்துவிடுகிறார்கள். அந்தக் கட்டியை ஃப்ரிட்ஜில் வைத்து இளக்கி, கசியும் நீரைக் காகிதத்தால் ஒற்றி எடுப்பேன். ஒற்றாமல் விட்டால் கவிச்சி அடிக்கும். நாருக்குக் குறுக்கே அரை விரல் கனத்தில் துண்டு. இரண்டு கரண்டி சோயா சாஸ், ஒரு கரண்டி மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது). மிரினைக் கொதிக்க விட்டு, சாஸ் கலந்து, நன்றாக ஆறிய பிறகு மீனைப் போட்டுக் கால் மணி நேரம் மறுபடி ஃப்ரிட்ஜில். அப்புறம் மெல்லிசாக நறுக்கிய ஷிசோ இலை (துளசிக் குடும்பம்தான், வாசனை மட்டும் தனி), வறுத்த எள், துருவிய இஞ்சி. மியோகா கிடைத்தால் அதையும் சீவிப் போடுவேன். இஞ்சி இனத்துப் பூமொட்டு அது, நறுக்கென்று கடிபடும். டியூபில் வரும் வசாபியை விட எனக்கு இந்த இஞ்சியே மேல்.

பச்சை மீனைத் தொடாத என் கணவருக்கு ஓரத் துண்டுகளை மிளகு போட்டு வாட்டிக் கொடுத்துவிடுவேன்.

ஷிசோ கிடைக்காவிட்டால் ஊரில் எந்த இலையை வேண்டுமானாலும் போடட்டும், குடி முழுகாது. ஆனால் பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே முறைப்படி உறைய வைத்து விற்கிற கடல் மீன் கிடைக்காவிட்டால், வாங்கிய மீனைக் குழம்பு வைத்துவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பச்சை மீன் வேண்டவே வேண்டாம். அடுத்த ஞாயிறு இணைப்பில் இந்த மூன்று வரியையாவது, அதே சமையல் பக்கத்தில், கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள்.

– வாசகி,
நிஷி கசாய், தோக்கியோ