ரிமோட்டுக்குக் காது கிடையாது, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார் எல்லாவற்றுக்கும் ஒன்றாக நீ வாங்கிய யுனிவர்சல் ரிமோட் ஏன் படுத்துகிறது என்று நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு செய்கிற வேலைக்கு, எழுதிய தாள் பக்கத்தில் இருந்தால்தான் வசதி. சம்பந்தி மன்னார்குடியிலிருந்து ஓசூர் வந்து சேருவதற்குள் இதை முடித்துவிடு. விடிந்தால் வயலுக்குப் போய்ப் பழகிய மனுஷர், அங்கே நாலாவது மாடியில் பகல் முழுக்க இருக்கப் போகிறார். டிவி போட ஒவ்வொரு தடவையும் பேரனைக் கூப்பிட வேண்டிய நிலையில் அவரை வைக்கக் கூடாது. கேட்க மனசு வராமல் சும்மாவே உட்கார்ந்திருப்பார். அவரை எனக்குத் தெரியும்.

ஒரே பட்டனில் அந்த மூன்றும் ஆன் ஆகிற மாதிரி நீ செட் செய்திருக்கிறாய். சில நாள் சரியாக வருகிறது, சில நாள் டிவி எரிந்தால் சவுண்ட்பார் அணைந்துவிடுகிறது, அதுதானே? நீ வாங்கிய ரிமோட்டில் கோளாறு இல்லை. பெரும்பாலான சாமான்களுக்குப் பவர் பட்டனில் ஒரே ஒரு குறியீடுதான். அணைந்திருந்தால் எரியும், எரிந்துகொண்டிருந்தால் அணையும். ரிமோட்டுக்கு வாய் உண்டு, காது கிடையாது. எந்தப் பெட்டி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. உங்கள் அபார்ட்மென்டில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும், செட்டாப் பாக்ஸ் தானாக உயிர் பெற்றுவிடும், டிவி ஸ்டாண்ட்பையில் நிற்கும். அதன் பிறகு அந்தப் பட்டனை அழுத்தினால் எல்லாம் தலைகீழ்தான். இங்கே ஐப்பசி அடைமழையில் கரண்ட் படுத்துகிற பாடு உனக்கே தெரியும். கும்பகோணத்தில் கடை வைத்திருந்த காலத்திலும் இந்தப் புகாரோடு நிறையப் பேர் வருவார்கள். ரிமோட்டை மாற்றிக் கொடுத்து அனுப்ப எனக்கு ஒருநாளும் மனசு வந்ததில்லை.

அதனால் மூன்றையும் ஒரே பட்டனில் கட்டாதே. செட்டாப் பாக்ஸை அணைக்கவே வேண்டாம். கொஞ்சம் கரண்ட் இழுக்கும், பரவாயில்லை. சவுண்ட்பாரை டிவியின் பொறுப்பில் விட்டுவிடு. இரண்டிலும் பின்னால் எச்டிஎம்ஐ ஏஆர்சி என்று எழுதிய துளை இருக்கிறதா பார். டிவியின் சத்தத்தை சவுண்ட்பாருக்கு அனுப்புகிற துளை அது, 2009ல் எச்டிஎம்ஐ 1.4 வந்ததிலிருந்து இந்த வசதி உண்டு. அந்த இரண்டையும் ஒரு வயரால் இணைத்து, டிவியின் செட்டிங்ஸில் சிஇசியை, அதாவது ஒரு பெட்டி இன்னொன்றை எழுப்பி அணைக்கிற வசதியை, ஆன் செய். கம்பெனிக்குக் கம்பெனி அதற்குப் பெயர் வேறு. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். அந்த வயரில் 13வது பின் இந்த வேலைக்கென்றே ஒதுக்கியது. அதில் இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும். டிவி எழுந்தால் சவுண்ட்பாரும் எழும், டிவி அணைந்தால் அதுவும் அணையும். அப்புறம் யுனிவர்சல் ரிமோட்டில் பவர் டிவிக்கு மட்டும், சத்தம் சவுண்ட்பாருக்கு, சேனல் நம்பரெல்லாம் செட்டாப் பாக்ஸுக்கு. அவ்வளவு போதும்.

மாப்பிள்ளை ஹார்மனி ரிமோட் தேடுகிறார் என்றாய். அதுவும் யுனிவர்சல் ரிமோட்தான், நல்ல சாமான். எதெது ஆனில் இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளும், கணக்குத் தவறினால் ஹெல்ப் பட்டனை அழுத்தியதும் நம்மிடமே கேட்டுச் சரி செய்யும். ஆனால் 2021ல் லாஜிடெக் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதை செட் செய்யக் கம்பெனியின் இணையச் சேவை வேண்டும். செகண்ட் ஹேண்டில் அதற்குக் காசைப் போட வேண்டாம் என்று அப்பா சொன்னதாகச் சொல்.

உன்னிடம் இருக்கும் ரிமோட்டுக்குக் குறியீடு போட இரண்டு வழி. முதலில் கையேட்டில் டிவி கம்பெனி பெயருக்கு நேரே உள்ள எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். டிவி அணைந்ததும் கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிடாதே. பவர் மட்டும் ஒத்துப்போய் மற்றவை மாறியிருக்கும் குறியீடுகள் உண்டு. சத்தம், மியூட், இன்புட், மெனு எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த எண்ணை பேட்டரி மூடியின் உள்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதிவை. சில ரிமோட்டுகள் பேட்டரி மாற்றினால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

எண் ஒத்துவராத சாமானுக்கு, பழைய ரிமோட்டைக் கொண்டு புதியதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். முதலில் பழையதற்குத் தெம்பு இருக்கிறதா என்று பார். போனின் முன்பக்க கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அழுத்து. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் திரையில் வெளிர் ஊதாவாகத் துடிக்கும். மங்கலாக இருந்தால் புது பேட்டரி போடு. பிறகு இரண்டையும் மேஜை மேல் எதிரெதிரே, இரண்டு விரல் இடைவெளியில் படுக்கவை. ஜன்னல் வெயிலும் டியூப்லைட்டும் வேண்டாம், அவையும் அதே மாதிரி வெளிச்சத்தைக் கொட்டிக் குழப்பும். கையேட்டில் வேறு மாதிரி சொல்லாவிட்டால் பட்டனைச் சட்டென்று அழுத்தி எடுத்துவிடு. என்இசி என்கிற குறியீட்டு முறையில் பேசும் ரிமோட்டுகள் ஏராளம். அவை 32 பிட் (0 அல்லது 1 என்கிற துண்டு) கொண்ட செய்தியை ஒரு தடவைதான் முழுதாகச் சொல்லும். விரலை எடுக்காமலிருந்தால் 'அதேதான், அதேதான்' என்கிற குட்டிச் செய்திதான் போய்க்கொண்டிருக்கும். புதியது அதைப் பிடித்துக்கொண்டால் பட்டன் வேலை செய்யாது.

இன்னொன்று. கற்றுக்கொடுத்த பிறகு 11 அழுத்தினால் 1 மட்டும் விழுகிறதா? அப்படியானால் அந்தப் பெட்டி பிலிப்ஸின் ஆர்சி-5 மாதிரி முறையில் பேசுகிறதோ என்று சந்தேகப்படு. அதில் ஒரு பிட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறும், புது அழுத்தலா பழையதேதானா என்று பெட்டி அதை வைத்துத்தான் கண்டுகொள்கிறது. கற்றுக்கொண்ட ரிமோட் ஒரே மாதிரியே திருப்பிச் சொல்வதால் இரண்டாவது 1 கணக்கில் வராது. அதற்குக் கையேட்டு எண்தான் வழி. சேனல் நம்பரை மனப்பாடமாக வைத்திருக்கிற சம்பந்திக்கு இது சரியாக இருந்தே ஆக வேண்டும். டிவியில் செருகி இணையத்தில் படம் பார்க்கிற ஸ்டிக்கின் ரிமோட்டில் மட்டும் நேரம் செலவழிக்காதே. அது ஸ்டிக்கோடு புளூடூத்தில் பேசுகிறது, இதனிடம் பிடிபடாது.

வீட்டிலும் இப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன். பவர் பட்டன் மேல் மிளகு அளவு எம்-சீல் உருண்டை ஒட்டி, சத்தம் கூட்டும் பட்டனில் சின்னதாக ஒரு கோடு வைத்தேன். அப்பாயிக்குக் கண் மங்கிவிட்டது, ஆனால் கட்டைவிரல் தடவியே கண்டுபிடித்துவிடுகிறது. தை மாதம் திருவையாற்று ஆராதனை நேரலையைத் தானே போட்டு, பஞ்சரத்னம் ஐந்தும் முடியும்வரை சத்தத்தைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக் கேட்டது. யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு அதில் எவ்வளவு நிம்மதி தெரியுமா! சம்பந்தி ரிமோட்டிலும் அந்த உருண்டையை ஒட்டிக் கொடு. உலர ஒரு ராத்திரி விடு.

சவுண்ட்பாரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு. ஏஆர்சி துளை இல்லையென்றால் ஆப்டிகல் வயர்தான் போட வேண்டும், அதற்குப் பவரை வேறு விதமாகப் பிரிக்கணும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல். அம்மா உனக்கு வடகம் கட்டி வைத்திருக்கிறாள், சம்பந்தியிடம் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா